பில் கட்டாத கடைக்காரரும் ஒரு மணி தள்ளிப்போன வகுப்பும்: கேள்வி-பதில்

கேள்வி: நடனப் பள்ளி ஒன்றுக்கு வகுப்புப் பதிவுச் செயலி செய்து கொடுத்தேன். நவம்பரிலிருந்து ஒரு பிழையும் இல்லை. மார்ச் கடைசி ஞாயிறுக்குப் பிறகு எல்லா வகுப்பும் ஒரு மணி நேரம் பிந்திக் காட்டுகிறது. சர்வரில் கோளாறா? – ஹரோ வாசகி

பதில்: சர்வர் பாவம், அதை விட்டுவிடுங்கள். குளிர்காலத்தில் லண்டன் நேரமும் யூடிசியும் ஒன்றுதான். அதனால் இந்தப் பிழை ஐந்து மாதம் ஒளிந்திருக்கும். 'சனி காலை 10 மணி' என்று ரீச்சர் சொன்னது சுவர்க் கடிகாரத்தின் 10 மணி. நீங்கள் அதை யூடிசியாக்கிச் சேமித்து, வாராவாரம் ஏழு நாள் கூட்டிக்கொண்டே போயிருக்கிறீர்கள். வரப்போகும் வகுப்புக்கு உள்ளூர் நேரத்தையும் 'யூரோப்/லண்டன்' என்ற வலயப் பெயரையும் சேமியுங்கள். யூடிசிக் கணக்கை ஒவ்வொரு திகதிக்கும் தனியாகப் போடுங்கள். நடந்து முடிந்த கட்டணத்துக்கும் வரவுப் பதிவுக்கும் யூடிசி போதும். ஒரு மணியைக் கழித்து ஒட்டுப்போட்டு விடாதீர்கள், ஒக்டோபர் கடைசி ஞாயிறு மறுபடி எனக்குக் கடிதம் எழுதுவீர்கள். சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் இருந்து சூமில் சேரும் பிள்ளைகள் உண்டா? அங்கே கடிகாரம் மாறுவதில்லை. லண்டன் காலை 10 மணி அவர்களுக்குக் குளிர்காலத்தில் பிற்பகல் 3.30, கோடையில் 2.30. பெற்றோருக்கு இன்றே மெயில் போகட்டும்.

கேள்வி: சாப்பாட்டுக் கடை ஒன்றுக்குத் தளம் செய்கிறேன். ரியாக்டா, வியூவா? – டூட்டிங் வாசகர்

பதில்: கொத்து ரொட்டியின் விலையைக் கடைக்காரர் தானே மாற்ற முடிகிறதா என்று பாருங்கள். மற்றது உங்கள் கை எதில் ஓடுகிறதோ அது.

கேள்வி: ஸ்டூடன்ட் விசாவில் முதுகலை படிக்கிறேன். தெரிந்த அண்ணா ஒருவர் தன் கடைக்குத் தளம் கேட்கிறார், கையில் காசு தருவாராம். செய்யலாமா? – இல்ஃபர்ட் மாணவர்

பதில்: கூடாது. அந்த விசாவில் சுயதொழிலுக்கு இடமே இல்லை. தவணைக் காலத்தில் வாரம் 20 மணி நேரம் என்பது சம்பள வேலைக்கு உள்ள கணக்கு. காசு கையில் வந்தாலும் வங்கியில் வந்தாலும் மீறல் மீறல்தான். படிப்பு முடிந்து கிராஜுவேட் விசா கிடைத்தால் தாராளமாகச் செய்யுங்கள், தம்பி.

கேள்வி: மளிகைக் கடை ஒன்றுக்கு ஒன்லைன் விற்பனைத் தளம் செய்தேன். பேசியது 4,000 பவுண், வந்தது 1,500. தளம் ஓடுகிறது, வியாபாரமும் நடக்கிறது. கேட்டால் 'தம்பி, பிறகு பாப்பம்' என்கிறார். ஊர்க்காரர் என்பதால் எழுத்தில் எதுவும் இல்லை. அட்மின் பாஸ்வேர்ட் என்னிடம் இருக்கிறது. தளத்தை முடக்கட்டுமா? – ஈஸ்ட் ஹாம் வாசகர்

பதில்: கையை எடுங்கள் அந்தக் கீபோர்டிலிருந்து. பாஸ்வேர்ட் இருப்பது வேறு, அனுமதி இருப்பது வேறு. 1990ஆம் ஆண்டின் கம்ப்யூட்டர் மிஸ்யூஸ் சட்டம் இதற்கும் பாயும். கட்டணத் தகராறில் வாடிக்கையாளரின் மென்பொருளைப் பூட்டிய ஒரு டெவலப்பர் மீது 1993இல் ஸ்கந்தோர்ப் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. முழுக் காசும் வரும்வரை மென்பொருள் என்னுடையது என்று அவர் வாதிட்டார். நீதிமன்றம் குற்றவாளி என்றது. நியாயம் உங்கள் பக்கம் இருக்க, குற்றவாளிக் கூண்டில் நீங்கள் ஏன் நிற்க வேண்டும்?

உங்கள் கையில் வேறு ஆயுதம் இருக்கிறது, நம் ஆட்கள் அதை எடுப்பதேயில்லை. வியாபாரக் கடன் பிந்தினால் 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி பேங்க் ஒஃப் இங்கிலாந்து வட்டிக்கு மேல் 8 சதவீதம் கேட்கலாம். பாக்கி 2,500 பவுணுக்கு அந்த 8 சதவீதமே வருடம் 200. அதோடு 1,000 பவுணிலிருந்து 10,000க்குள் உள்ள கடனுக்கு 70 பவுண் தனி இழப்பீடு. திகதி பேசியிராவிட்டால் இன்வொய்ஸ் கொடுத்தோ வேலை முடித்தோ, எது பிந்தியதோ அதிலிருந்து 30 நாள் தவணை. இதையெல்லாம் கணக்குப் போட்டு, நாள் குறித்து, வழக்குக்கு முந்திய கடிதமாக அனுப்புங்கள். பெரும்பாலும் அதிலேயே காசு வரும். வராவிட்டால் 10,000 பவுண் வரை சிறு வழக்குப் பிரிவு, ஒன்லைனிலேயே பதியலாம். எழுத்தில் இல்லையே என்று பயப்படாதீர்கள். வாய்ப்பேச்சும் ஒப்பந்தம்தான், அவர் அனுப்பிய வாட்ஸ்அப், கட்டிய 1,500 இரண்டும் சாட்சி.

ஆனால் இனிமேல்? ஊர்க்காரர் என்றால்தான் எழுத வேண்டும். முன்பின் தெரியாத வெள்ளைக்காரரிடம் நாலு பக்கம் கையெழுத்து வாங்குகிறீர்கள், கோயிலில் பார்க்கிறவரிடம் வாய் திறக்கக் கூச்சம்! மூன்றில் ஒரு பங்கு முன்பணம் வந்த பிறகு முதல் வரி கோட் எழுதுங்கள். கடைசித் தவணை வரும்வரை தளம் உங்கள் சோதனைச் சர்வரிலேயே இருக்கட்டும். அவர் பார்க்கலாம், விற்க முடியாது. பூட்டுவதுதான் குற்றம், கொடுக்காமல் வைத்திருப்பது அல்ல. டொமைன் முதல் நாளிலிருந்தே அவர் பெயரில் இருக்க வேண்டும், அதைப் பிணையாகப் பிடித்து வைக்கிறவர்களை எனக்கு அறவே பிடிக்காது. கோட் விஷயம் வேறு: 1988ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுக்கும்வரை காப்புரிமை உங்களுடையது. முழுப் பணம் வந்ததும் உரிமை மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி சேருங்கள்.

கேள்வி: ஸ்ட்ரைப்பில் காசு வந்திருக்கிறது, ஓர்டர் சிலது பதிவாகவில்லை. – குரொய்டன் வாசகர்

பதில்: 'நன்றி' பக்கம் திறந்தால்தான் ஓர்டர் பதியும்படி எழுதியிருப்பீர்கள். வங்கிச் செயலியில் சம்மதம் கொடுத்ததும் பாதிப்பேர் போனைச் சட்டைப்பையில் போட்டுவிடுகிறார்கள். வெப்ஹுக்கை நம்புங்கள், அதன் கையொப்பத்தைச் சரிபாருங்கள். ஒரே செய்தி இரண்டு தடவையும் வரும், எனவே நிகழ்வு எண்ணைக் குறித்து வையுங்கள். இல்லையேல் ஒரு மூட்டை அரிசி கேட்டவர் வீட்டில் இரண்டு மூட்டை இறங்கும்.

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே இந்த வருடம் தளம் செய்து 700 பவுண் சம்பாதித்தேன். வரி அலுவலகத்துக்குச் சொல்லாதது குற்றமா? – வெம்பிளி வாசகி

பதில்: நிம்மதியாகத் தூங்குங்கள். ஏப்ரல் 6 முதல் மறு ஏப்ரல் 5 வரை இப்படி வரும் மொத்த வரவு 1,000 பவுணைத் தாண்டாவிட்டால் பதிய வேண்டியதில்லை. கவனியுங்கள்: வரவு, இலாபம் அல்ல. தாண்டினால் அடுத்து வரும் ஒக்டோபர் 5க்குள் பதியுங்கள். அதைவிட அவசரமான வேலை ஒன்று உண்டு. வெளிவேலைக்குத் தடை இருக்கிறதா என்று உங்கள் கம்பனி தந்த நியமன ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள்.