குடல் தானாக அசைவது எப்படி?

விடிய எழும்பித் தேத்தண்ணி குடித்ததும் சிலருக்கு வெளிக்குப் போகத் தோன்றும். இரைப்பையில் ஏதும் இறங்கியதும் நரம்பு வழியே பெருங்குடலுக்குச் சேதி போய், அங்குள்ள தசை அசையத் தொடங்குவதுதான் காரணம்.

கைத்தசை நாம் நினைத்தால்தான் அசையும். குடல் தசை நம்மைக் கேட்பதில்லை. சாப்பாட்டுக்குப் பின்னால் இறுகி, முன்னால் தளர்ந்து, சுமார் 20 அடி நீளச் சிறுகுடலில் அதைத் தள்ளிக்கொண்டே போகும். வெளியிலிருந்து வரும் நரம்புகளை வெட்டினாலும் இந்த வேலை நிற்காது என்று 1899இல் லண்டனில் பேலிஸ், ஸ்டார்லிங் என்ற இருவர் நாயின் குடலில் கண்டார்கள். குடற்சுவருக்குள்ளேயே தனி நரம்பு வலை இருக்கிறது.

கடைசி வாசல் மட்டும் நம் கையில். பிரட்டுக்கு நேரமாச்சு, மலையில் கக்கூஸ் இல்லை என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் அடக்கிக்கொள்கிறார்கள். (குற்றம் அவர்களுடையதல்ல.) அடக்க அடக்க அந்த உணர்வு மங்கி, மலம் காய்ந்து இறுகும். ஆகவே தேத்தண்ணி குடித்த பிறகு கால் மணி நேரம் ஒதுக்குங்கள்.

வயிறு ஊதி, வாந்தியெடுத்து, காற்றும் பிரியவில்லையென்றால் குடல் அடைத்திருக்கலாம். அப்போது விளக்கெண்ணெய், பேதி மருந்து கொடுக்கவே கூடாது. அடைப்புக்கு மேலே தசை இன்னும் பலமாய்த் தள்ளும்; குடல் கிழிந்தும் போகலாம். லயத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிராமல் கண்டி பெரியாஸ்பத்திரிக்கோ பேராதனைக்கோ உடனே கொண்டுபோங்கள்.