சுவரைக் கழுவுவோம், ஆளைக் காப்போம்!

இரண்டாமாண்டு, சிவில் பிரிவு

முன்னுரை

"சுவர் இருந்தால்தான் சித்திரம்" என்பது நாம் எல்லோரும் அறிந்த பழமொழி. சிவில் படிக்கும் நமக்குச் சுவரை எழுப்பக் கற்றுத் தருகிறார்கள். செங்கல் கட்டு, பூச்சு வேலை, க்யூரிங் எல்லாம் படிக்கிறோம். ஆனால் அதே சுவர் பத்து வருஷம் மழையில் நனைந்து கறுத்துப் போனால் அதை எப்படிச் சுத்தம் செய்வது? இதுவரை நான் படித்த பாடங்களில் அது வரவில்லை.

அந்த வேலையைச் செய்கிறவர்கள் பெரும்பாலும் பெயிண்டர்கள். என் அப்பாவும் ஒரு பெயிண்டர்தான். எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். லீவு நாட்களில் அப்பாவுடன் வேலைக்குப் போவேன். எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஆகவே பாசி பிடிக்காத சுவரைப் பார்ப்பது அபூர்வம்! வேலையில் கண்டதையும், வகுப்பில் வேதியியலிலும் ஹைட்ராலிக்ஸிலும் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையில் தருகிறேன்.

1. முதலில் அழுக்கு எதுவென்று பார்

டாக்டர் நோயைப் பார்த்த பிறகுதான் மருந்து எழுதுவார். சுவருக்கும் அப்படித்தான். வெளிச்சுவரில் வரும் அழுக்கைப் பொதுவாக நான்கு வகையாகப் பிரிக்கலாம்.

அ) கறுப்பு அல்லது பச்சைத் திட்டு: இது உயிருள்ள அழுக்கு. பாசி, நீலப்பச்சைப் பாசி, பூஞ்சை ஆகியவை ஈரம் தங்கும் இடத்தில் வளர்கின்றன. ஸன்ஷேடுக்குக் கீழே, தண்ணீர் வடியும் குழாய் ஓரத்தில் இதைப் பார்க்கலாம்.

ஆ) வெள்ளைப் பொடி: இதை 'உப்புப் பூத்தல்' என்பார்கள். சுவருக்குள் இருக்கும் உப்பை ஈரம் வெளியே கொண்டு வந்து போட்டுவிட்டு ஆவியாகிப் போகிறது. இதைத் தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளே போகும். காய்ந்த பிரஷால் தேய்த்து எடுத்துவிட்டு, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தேட வேண்டும்.

இ) துருக்கறை: ஜன்னல் கிரில், கம்பி இவற்றிலிருந்து வழிவது. இதற்கு ஆக்ஸாலிக் ஆசிட் கரைசலை அந்த இடத்தில் மட்டும் தடவிக் கழுவுவார்கள். அது விஷம் என்பதை மறக்கக் கூடாது.

ஈ) தூசி, புகை, எண்ணெய்ப் பிசுக்கு: இதற்குச் சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும்.

2. நுரைப்பது எது?

எங்கள் பக்கம் கறுப்புச் சுவர் என்றாலே பலர் கேட்பது ஆசிட்தான். பாத்ரூம் கழுவக் கடையில் விற்கிற அந்த ஆசிட், ஹைட்ரோகுளோரிக் அமிலம். அப்பா ஒரு நாள் சொன்னார்: "ஆசிட்ட ஊத்தினா நுரைச்சிக்கிட்டு வரும் பாரு மக்கா, அதுதான் அழுக்கு கழண்டு வாறது."

நான் எதிர்த்துப் பேசவில்லை. புதிதாகப் பூசிய இடத்தில் உடைந்து கிடந்த ஒரு பூச்சுத் துண்டை எடுத்து வந்தேன். அதில் பாசியும் இல்லை, அழுக்கும் இல்லை. அதன்மேல் இரண்டு சொட்டு விட்டதும் அதுவும் நுரைத்தது. "இதில அழுக்கு எங்க அப்பா இருக்கு?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றவர், "அப்போ செவரத்தான் கரைக்கோமா?" என்றார்.

ஆமாம், சுவரைத்தான் கரைக்கிறோம்! சிமெண்ட்டிலும் சுண்ணாம்பிலும் உள்ள கால்சியம் கார்பனேட்டுடன் ஆசிட் சேரும்போது கார்பன் டை ஆக்ஸைடு வாயு வருகிறது. அதுதான் நுரை. பாசி ஒட்டியிருக்கும் மேல்தோலே கரைந்து போவதால் சுவர் வெளுத்த மாதிரி தெரியும். ஆனால் மேற்பரப்பு சொரசொரப்பாகிவிடும். சொரசொரப்பில் ஈரமும் தூசியும் அதிகம் தங்கும், பாசி மறுபடி சீக்கிரம் வரும். மேலும் ஆசிட்டில் உள்ள குளோரைடு வெடிப்பு வழியாக உள்ளே போனால் கான்கிரீட் கம்பி துருப்பிடிக்கும். மார்பிள், மொசைக் தரைகளில் ஆசிட் பட்டால் பளபளப்பு போய்விடும்.

3. பாசிக்கு ஏற்ற மருந்து

பாசியை நீக்க அதைக் கொல்லும் மருந்து வேண்டும். கைக்கு எட்டுவது இரண்டு. ஒன்று பிளீச்சிங் பவுடர். மற்றது சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம். 2020-ல் கொரோனா சமயத்தில் தெருத்தெருவாகத் தெளித்தார்களே, அதே மருந்துதான்.

சுவருக்கு 1 சதவீதக் கரைசல் போதுமானது. கணக்கு இதோ:

10 சதவீத ஹைப்போகுளோரைட் என்றால் மருந்து 1 பங்கு, தண்ணீர் 9 பங்கு.

30 சதவீதம் குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடர் என்றால் 100 கிராமுக்கு 3 லிட்டர் தண்ணீர். (100 கிராமில் குளோரின் 30 கிராம்; 3 லிட்டரில் 30 கிராம் என்றால் 1 சதவீதம்.) கலக்கிய பிறகு தெளிய விட்டு, மேல் தண்ணீரை மட்டும் எடுக்க வேண்டும். அடியில் தங்குவது சுண்ணாம்பு வண்டல்.

வெயிலிலும் சூட்டிலும் இம்மருந்தின் வீரியம் குறைந்துகொண்டே போகும். ஆகவே அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்றைக்கே கலக்க வேண்டும். கரைசலை முதலில் ஒரு மூலையில் போட்டுப் பார்த்து, சாயம் போகிறதா என்று கவனிப்பது நல்லது.

4. சேரக் கூடாத ஜோடி

இக்கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும்தான் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியும் என்றால், இதை வைத்துக்கொள்ளுங்கள்: ஆசிட்டையும் பிளீச்சிங்கையும் ஒருபோதும் ஒன்றாகச் சேர்க்காதீர்கள்!

இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு வெளிவரும். 1915 ஏப்ரல் 22 அன்று, முதல் உலகப் போரில், பெல்ஜியத்தின் ஈப்ரு நகரருகே எதிரிப் படைமீது திறந்துவிடப்பட்டது இதே வாயுதான். இது காற்றைப்போல் சுமார் இரண்டரை மடங்கு கனமானது. ஆகவே மேலே போகாமல் பள்ளத்திலும், மாடிப்படிக்குக் கீழும், மூடிய பாத்ரூமிலும் தேங்கி நிற்கும்.

ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அப்பாவுடன் வேலை பார்க்கும் ஓர் அண்ணன், மாடிப்படிக்குக் கீழே ஆசிட் ஊற்றிய இடத்தில், "இன்னும் கொஞ்சம் வெளுக்கட்டும்" என்று பிளீச்சிங் பவுடரையும் தூவினார். மஞ்சளும் பச்சையுமாகப் புகை எழும்பியது. கண் எரிந்து, மூச்சு அடைத்து அவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். அப்பாதான் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே போய் அவரை இழுத்து வந்தார். இரண்டு பேரும் அரசு ஆஸ்பத்திரியில் ஓர் இரவு இருந்தார்கள். அந்த இரவு முழுக்க அம்மா வாசலிலேயே உட்கார்ந்திருந்தார். பிறகு அந்த ஆசிட் பாட்டிலை எடுத்துப் பார்த்தேன். 'வேறு கெமிக்கலுடன் கலக்காதே' என்று அதில் எழுதியிருந்தது, பொடி எழுத்தில், ஆங்கிலத்தில். அதைப் படிக்கத் தெரிந்தவர் அந்த இடத்தில் அன்று யாரும் இல்லை.

அம்மோனியா உள்ள கிளீனருடனும் பிளீச்சிங் சேரக் கூடாது, அதிலும் விஷவாயு உண்டாகும். ஆசிட்டைத் தண்ணீரில் கலக்க நேர்ந்தால், வாளியில் முதலில் தண்ணீர், பிறகுதான் ஆசிட். மாற்றிச் செய்தால் தெறிக்கும். மீதி மருந்தைக் குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைப்பது பல வீடுகளில் உள்ள கெட்ட பழக்கம், இதைக் கட்டாயம் கைவிட வேண்டும்.

5. தண்ணீரின் பலம்

இப்போது மெஷினுக்கு வருவோம். ஜெர்மனியில் ஆல்ஃபிரட் கேர்ஷர் 1950-ல் வெந்நீரில் இயங்கும் உயர் அழுத்தக் கழுவியை உருவாக்கினார். அதே கம்பெனி 1984-ல் வீட்டு உபயோகத்துக்குக் கையில் தூக்கிச் செல்லும் மெஷினைக் கொண்டு வந்தது. இன்று அது வாட்டர் சர்வீஸ் கடை முதல் வீடு வரை வந்துவிட்டது.

சிறிய மெஷின் சுமார் 100 பார் அழுத்தம் தருகிறது. 100 பார் என்றால் எவ்வளவு? 10 மீட்டர் உயரத் தொட்டி தருவது ஏறக்குறைய 1 பார். அப்படியானால் 100 பாருக்கு 1 கிலோமீட்டர் உயரத்தில் தொட்டி வைக்க வேண்டும்!

வேகத்தைப் பெர்னோலி விதிப்படி காணலாம். வேகம் = √(2 × அழுத்தம் ÷ அடர்த்தி). 100 பார் என்பது 1 கோடி பாஸ்கல், தண்ணீரின் அடர்த்தி 1000. விடை விநாடிக்கு 141 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 500 கி.மீ. நாசில் இழப்பால் நடைமுறையில் சற்றுக் குறையும். நிமிடத்துக்கு 6 லிட்டர் ஓடினால், அது பிடித்திருப்பவரைப் பின்னோக்கித் தள்ளும் விசை சுமார் 14 நியூட்டன், அதாவது ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ எடை. தரையில் நிற்கும்போது இது ஒன்றுமில்லை. ஏணியில் ஒற்றைக் கையால் பிடித்து நிற்பவருக்கு இதுவே ஆபத்து. ஆகவே ஏணியில் நின்று மெஷின் பிடிக்கக் கூடாது. நீட்டுக் குழாய் போட்டுத் தரையிலிருந்து அடிக்கலாம், அல்லது சாரம் கட்டலாம்.

நாசில்களுக்குப் பெரும்பாலும் நிறம் உண்டு. சிவப்பு 0 டிகிரி, மஞ்சள் 15, பச்சை 25, வெள்ளை 40. சிவப்பு நாசில் தண்ணீரை ஊசிபோல் அடிக்கும். அது சுவருக்கு வேண்டவே வேண்டாம். பச்சையில் 30 செ.மீ. தூரத்தில் பிடித்தால் சுமார் 13 செ.மீ. அகலம் கழுவும். 60 செ.மீ. தள்ளிப் பிடித்தால் அகலம் இரட்டிப்பாகும், அடியின் கடுமை குறையும். ஆகவே தூரத்தில் தொடங்கி மெல்ல மெல்ல அருகில் வர வேண்டும்.

6. வேலை செய்யும் முறை

* கிணறு அருகில் இருந்தால் மூட வேண்டும். ஜன்னல், சுவிட்ச் போர்டு, மீட்டர் பெட்டி இவற்றையும் மூட வேண்டும்.
* செடிகளுக்கு முன்னும் பின்னும் நல்ல தண்ணீர் ஊற்ற வேண்டும்.
* மெஷினுக்கு எர்த் உள்ள பிளக், 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம்.
* மருந்தைக் கீழிருந்து மேலாகப் பூச வேண்டும். மேலிருந்து பூசினால் வழிந்த கோடுகள் நிற்கும்.
* 10 முதல் 15 நிமிடம் ஊற விட வேண்டும், காய விடக் கூடாது. வெயில் ஏறும் முன் செய்வது நல்லது.
* பிறகு மேலிருந்து கீழாகக் கழுவ வேண்டும். பிளீச்சிங்கை மெஷின் பம்பு வழியாக விட்டால் பம்பு கெடும். மருந்துக்குத் தனி ஸ்பிரேயர் அல்லது பிரஷ்.
* சுவர் நன்கு காய்ந்த பிறகே பட்டியும் பிரைமரும். ஈரத்தில் அடித்த பெயிண்ட் கொப்பளித்து உரியும்.

மெஷின் கூடவே கூடாத இடங்களும் உண்டு. சுண்ணாம்புப் பூச்சு உள்ள பழைய சுவர், வெடித்த பூச்சு இவை பெயர்ந்து விழும். மங்களூர் ஓட்டின் அடியிலிருந்து அடித்தால் ஓடே தூக்கும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டில் அடித்தால் நுரையீரலைக் கெடுக்கும் நார்கள் கிளம்பும். பழைய பெயிண்டில் காரீயம் இருக்கக்கூடும். நம் நாட்டில் வீட்டுப் பெயிண்டில் காரீயம் 90 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பர் முதல்தான் அமலுக்கு வந்தது. அத்தகைய பெயிண்டை உரித்துச் சிதற விடக் கூடாது.

7. உடம்பே மூலதனம்

ரப்பர் கிளவுஸ், பக்கமும் மூடிய கண்ணாடி, ரப்பர் பூட்ஸ், முழுக்கை சட்டை இவை வேண்டும். முகத்தில் கட்டும் துண்டு தூசியை ஓரளவு தடுக்குமே தவிர வாயுவைத் தடுக்காது.

மருந்து கண்ணில் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் 15 முதல் 20 நிமிடம் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். வாயு அடித்தால் காற்று வரும் திசை பார்த்துத் திறந்த வெளிக்கு, மேடான இடத்துக்குப் போக வேண்டும். "இப்ப சரியாப் போச்சு" என்று வீட்டுக்குப் போய்விடக் கூடாது. மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் வரும். பாட்டிலையும் கையோடு கொண்டு போனால் டாக்டருக்கு உதவும். மெஷின் தண்ணீர் தோலைத் துளைத்தால் வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சதை கெட்டிருக்கும். அதையும் அவசரமாகக் காட்ட வேண்டும்.

முடிவுரை

நண்பர்களே! நாளை நம்மில் பலர் சூப்பர்வைசர்களாக, கான்ட்ராக்டர்களாகப் போகிறோம். எஸ்டிமேட் போடுவது நம் கையில் இருக்கும். சிமெண்டுக்கு ஒரு வரி, மணலுக்கு ஒரு வரி, கூலிக்கு ஒரு வரி எழுதுகிறோம். கிளவுஸுக்கும் கண்ணாடிக்கும் ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்? நான் பார்த்தவரை அந்தச் செலவு கூலிக்காரர் தலையில்தான் விழுகிறது. ஆகவே அவர் வாங்குவதில்லை.

நம்மில் எத்தனையோ பேர் என்னைப்போல முதன்முதலாகப் படிக்க வந்தவர்கள். நம் வீட்டில் யாராவது இப்படிப்பட்ட மருந்தைக் கையாண்டால், இந்த மலரைக் கையில் வைத்துக்கொண்டு இன்று மாலையே அந்த பாட்டிலில் எழுதியிருப்பதை அவர்களுக்குத் தமிழில் படித்துச் சொல்லுங்கள். நாம் கற்ற கல்வியின் முதல் பயன் அதுவாக இருக்கட்டும்!