உப்புத் தண்ணீரும் பழமரங்களும்: இலைவழித் தெளிப்பு எதுவரை உதவும்?

திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை பக்கம் பல தோட்டங்களில் போர்த் தண்ணியை வாயில் வைத்தாலே உப்பு தெரியும். "கடல் எண்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கு, இங்கே எப்படி உப்பு வந்துச்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. நம்ம மாவட்டத்தின் கிழக்குக் கோடியில் மீஞ்சூர்ப் பக்கம் இருப்பது கடல் உப்பு. நிலத்தடி நீரை அளவுக்கு மீறி இறைத்ததால் கடல்நீர் உள்ளே புகுந்தது. நம்முடையது வேறு. மழைநீர் பாறை இடுக்குகளில் வருஷக்கணக்கில் தங்கி, பாறையிலிருந்து கரைத்த உப்பு இது. ஆழம் போகப்போக உப்பு கூடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. அதனால் "இன்னும் இருநூறு அடி இறக்கினா நல்ல தண்ணி வரும்" என்று யாராவது சொன்னால், கடன் வாங்குவதற்கு முன் ஒருமுறை யோசியுங்கள்.

முதலில் தண்ணியை அளந்து பாருங்கள். மண், நீர் ஆய்வுக்கூடத்தில் இ.சி. என்று ஒரு எண் தருவார்கள். 0.7க்குக் கீழே என்றால் கவலையில்லை, 3க்கு மேலே என்றால் கடுமை என்கிறது ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் வழிகாட்டி. ஆய்வுக்கூடம் போக முடியாவிட்டால், வீட்டுக்கு ஆர்.ஓ. மெஷின் பார்க்க வருகிறவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரே தோராயத்துக்குப் போதும். இ.சி. 2 என்றால் அது ஏறக்குறைய 1280 காட்டும். அதாவது ஒரு லிட்டரில் 1.28 கிராம் உப்பு. ஒரு எலுமிச்சை மரத்துக்கு நாளைக்கு 40 லிட்டர் சொட்டுநீர் விட்டால் நூறு நாளில் அந்த மரத்தடியில் ஐந்து கிலோ உப்பைக் கொட்டியிருப்போம். மளிகைக் கடையில் ஐந்து பாக்கெட் வாங்கி வேரில் கொட்டின கணக்கு!

இந்த உப்பு மரத்தை இரண்டு விதமாகப் பிடிக்கிறது. மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணியை இழுக்க முடியாது. அடுத்து, சோடியம் முந்திக்கொண்டு சாம்பல் சத்தையும் சுண்ணாம்புச் சத்தையும் உள்ளே வரவிடாமல் தடுக்கும். குளோரைடு இலை நுனியில் போய்ச் சேரும். முதிர்ந்த இலை நுனியிலிருந்து ஓரமாகக் கருகி வருவது இதனால்தான். எலுமிச்சை, சாத்துக்குடி, மா மூன்றும் சீக்கிரம் வாடும். கொய்யா, சப்போட்டா, மாதுளை கொஞ்சம் தாங்கும். நெல்லி, இலந்தை இன்னும் நன்றாகத் தாங்கும்.

இலைவழித் தெளிப்புக்கு இங்கேதான் வேலை. வேரின் வாய் பாதி மூடிக் கிடக்கும்போது இலை வழியாகக் கொஞ்சம் ஊட்டுகிறோம். கருகின இலை மறுபடி பச்சையாகாது. அதை எதிர்பார்க்க வேண்டாம். அடுத்து வரும் தளிர் நிற்கிறதா, பிஞ்சு உதிர்வது குறைகிறதா என்றுதான் பார்க்கணும்.

என் எலுமிச்சைக்கும் கொய்யாவுக்கும் பங்குனியிலிருந்து பதினைந்து நாளைக்கு ஒருமுறை அடிக்கிறேன். ஒருமுறை பஞ்சகவ்யம், பத்து லிட்டர் டேங்குக்கு 300 மில்லி. அடுத்த முறை முருங்கை இலைச்சாறு. இளம் இலையை அரைத்துப் பிழிந்து, ஒரு பங்கு சாறுக்கு முப்பது பங்கு தண்ணி. இதில் சாம்பல் சத்து, சுண்ணாம்புச் சத்தோடு வளர்ச்சியைத் தூண்டும் பொருளும் உண்டு. பிழிந்த அன்றைக்கே அடித்துவிடணும், வைத்திருந்தால் வீணாகிவிடும். மண்டபம் கடற்கரைப் பக்கம் வளர்க்கும் கடற்பாசியின் சாறும் கடையில் கிடைக்கிறது. லிட்டருக்கு மூன்று மில்லிக்கு மேல் நான் போவதில்லை, அதுவும் உப்பில் வளர்ந்ததுதானே. பூ முழுக்க விரிந்திருக்கும் நேரத்தில் எதையும் அடிப்பதில்லை, தேனீக்கு வழி விடணும்.

எந்தக் கரைசல் நல்லது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எந்தத் தண்ணியில் கலக்கிறீங்க என்று நான் திருப்பிக் கேட்பேன். அதே போர்த் தண்ணியில் கலந்தால் பத்து லிட்டர் டேங்கில் 13 கிராம் உப்பு இருக்கு. பஞ்சகவ்யத்துக்குச் சொந்தமாக உள்ள உப்பு வேறு. வெயிலில் தண்ணி ஆவியாகிப் போகும், உப்பு இலையில் படியும். வேர் வழியாக வருவது போதாதென்று இலை வழியாகவும் நாமே ஏற்றுகிறோம். இலையில் ஒட்டுவதற்காகச் சேர்க்கும் காதி சோப்பும் அந்தத் தண்ணியில் திரிந்து, நுரைக்காது.

தெளிப்புக்கு மழைத்தண்ணிதான். பயப்படும்படி அதிகம் வேண்டாம். இருபது அடி இடைவெளியில் ஏக்கருக்கு 108 மரம். மரத்துக்கு மூன்று லிட்டர் என்றால் ஒரு தடவைக்கு 330 லிட்டர். பத்துத் தடவைக்கு 3300. நானூறு சதுர அடி தகரக் கொட்டகை மேல் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால் 3700 லிட்டர் வருகிறது. ஐப்பசியில் ஒரு வாரம் பிடித்து பெய்தாலே தொட்டி நிறைந்துவிடும். முதல் மழையை விட்டுவிட்டு, அடுத்ததைப் பிடித்து, வெளிச்சம் படாமல் மூடி வையுங்கள். மாலை ஐந்து மணிக்கு மேல், இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்கணும். புதுக் கரைசல் எதுவானாலும் ஒரு கிளையில் அடித்து மூன்று நாள் பார்த்த பிறகு மற்றதற்கு.

இவ்வளவும் செய்தாலும் மண்ணில் சேர்ந்த ஐந்து கிலோ அங்கேயேதான் இருக்கும். அதை எடுக்கத் தெளிப்பால் முடியாது, மழையால்தான் முடியும். ஒரு அடி மண்ணுக்குள் ஒரு அடி தண்ணி முழுசா இறங்கினால் உப்பில் சுமார் 80 சதவீதம் கீழே போய்விடும் என்பது பொதுக் கணக்கு. அதனால் புரட்டாசி முடிவதற்குள் பாத்தியை மரத்தின் நிழல் அளவுக்கு அகலப்படுத்தி, வரப்புக் கட்டி, மழை ஓடிப்போகாமல் நிறுத்துகிறேன். களிமண்ணாக இருந்தால் அடியில் வடிகால் இருக்கணும், இல்லாவிட்டால் வேர் அழுகும். கோடையில் மூடாக்கு கனமாகப் போட்டால் ஆவியாவது குறையும், உப்பும் மேலே ஏறாது.

இன்னொன்று, பலருக்கு வியப்பாக இருக்கும். சொட்டுநீர்ப் பாசனத்தில் உப்பு ஈர வட்டத்தின் விளிம்பில் வெள்ளையாகப் படியும். ஆடிக் கிருத்திகைக்குக் காவடி வரும் நாட்களில் நம்ம பக்கம் சாயங்காலம் ஒரு தூறல் போடும். "மழை வந்துடுச்சு" என்று மோட்டாரை நிறுத்துவோம். அந்தச் சின்ன மழை விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்குள்ளேயே தள்ளிவிடும். லேசான மழைக்குச் சொட்டுநீரை நிறுத்தாதீர்கள். நல்ல கனமழை பிடித்த பிறகு நிறுத்தலாம்.

வைகாசியில் ஒருமுறை, தை பிறந்ததும் ஒருமுறை வேர்ப்பகுதி மண்ணை எடுத்து இ.சி. பாருங்கள். மழைக்குப் பிறகும் எண் இறங்கவில்லை என்றால் தெளிப்பைக் கூட்டிப் பயனில்லை. செத்துப்போன எலுமிச்சைக் குழியில் மறுபடி எலுமிச்சை வைக்காமல் நெல்லியோ சப்போட்டாவோ வையுங்க.