பூக்குமுன் வெட்ட வேண்டிய பனை

அன்புள்ள தம்பிக்கு,

பாயசத்தில் போடும் ஜவ்வரிசி எந்தச் செடியில் காய்க்கிறது என்று கேட்டிருந்தாய். அது எதிலும் காய்ப்பதில்லை. சேலம், ஆத்தூர் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக் கிழங்கை அரைத்து, மாவைப் படியவைத்து, மணியாக உருட்டி, வறுத்து எடுப்பதுதான் நம் ஜவ்வரிசி. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுச் சரக்கு வராமல் போன 1940களில் இங்கே காலூன்றிய தொழில் இது. ஆனால் ஜவ்வரிசிக்கு மூலம் கிழங்கு அல்ல; ஒரு பனை.

அதன் பெயர் சேகோப் பனை. நியூகினியும் மொலுக்கஸ் தீவுகளும் தாயகம். அங்கிருந்து இந்தோனேசியா, மலேசியா எங்கும் பரவியது. பல பயிர்கள் தாங்காத சதுப்பில், அமில மண்ணில், இது 10 முதல் 15 மீட்டர் உயரம் ஓங்கி நிற்கிறது. நம் தாளிப்பனையைப் போலவே வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் பூக்கும். காய்த்து முடிந்ததும் பட்டுப்போகும். அந்த ஒரு பூப்புக்காகப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் தண்டுக்குள் மாவைச் சேர்த்து வைக்கிறது. பூத்துக் காய்த்துவிட்டால் மாவெல்லாம் காய்க்குப் போய்விடும். ஆகவே உச்சியில் பூந்தண்டு கிளம்பும் சமயம் பார்த்து மரத்தைச் சாய்க்க வேண்டும். மரத்துக்குக் கொஞ்சம் அநியாயம்தான்.

போர்னியோத் தீவின் சரவாக்கில் முக்கா என்ற ஊர் இந்தப் பனைக்குப் பேர்போனது. அங்குள்ள மெலனாவ் மக்கள் வெட்டிய தண்டைத் துண்டுபோட்டு, கட்டி, ஆற்றிலேயே மிதக்கவிட்டு ஆலைக்குக் கொண்டுபோவார்கள். தண்டின் வெளிப்பட்டை மட்டுமே கெட்டி. உள்ளே முழுக்க வைரம் பாயாத வெளிறிய சோறு. அந்தக் காலத்தில் அதைச் சீவித் துருவி, ஆற்றோரப் பரணில் பாய் விரித்துக் கொட்டி, தண்ணீர் ஊற்றி ஊற்றிப் பெண்கள் காலால் மிதிப்பார்கள். பால்போன்ற நீர் பாயின் வழியே கீழே தொட்டியில் இறங்கும், நார் மேலே தங்கும். தெளிந்தபின் தொட்டியின் அடியில் படிவதுதான் மாவு. இன்று துருவவும் அலசவும் இயந்திரம் வந்துவிட்டது. நன்கு விளைந்த ஒரு மரம் 150 முதல் 300 கிலோ வரை காய்ந்த மாவு தரும்.

இயற்கையியலாளர் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் 1869இல் வெளியிட்ட மலாய்த் தீவுகள் பற்றிய நூலில், சேராம் தீவில் பார்த்ததைக் கணக்குப் போட்டிருக்கிறார். இரண்டு ஆண்கள் ஐந்து நாளில் ஒரு மரத்தை முடித்துவிடுவார்கள்; இரண்டு பெண்கள் அடுத்த ஐந்து நாளில் மாவை ரொட்டியாகச் சுட்டுவிடுவார்கள்; ஓர் ஆளுக்கு ஓராண்டுச் சாப்பாடு ரெடி. இவ்வளவு சுலபமாகச் சோறு கிடைப்பதால் மக்கள் சோம்பேறி ஆகிறார்கள் என்று குறையும் பட்டுக்கொள்கிறார். மரம் விளையக் காத்திருக்கும் பத்தாண்டை அவர் கணக்கில் சேர்க்கவில்லை.

சரி, வளர்ப்பது எப்படி? விதையை நம்பாதே. செதில் செதிலான தோல் மூடிய காய்களில் பல மலடு, முளைப்பதும் குறைவு. வாழையைப் போல அடியில் பக்கக்கன்று விடும் மரம் இது. இரண்டு முதல் ஐந்து கிலோ எடையுள்ள கன்றை அடிக்கிழங்கோடு பெயர்த்து, வெட்டுவாயில் பூஞ்சாண மருந்து தடவி, இலைகளைக் கழிக்கிறார்கள். அடுத்த வேலைதான் அழகு: காய்ந்த மட்டைகளால் தெப்பம் கட்டி, கன்றுகளை அதில் வரிசையாக நிறுத்தி, வாய்க்காலில் மிதக்கவிடுவார்கள். வேர்ப்பகுதி மட்டும் நனைந்திருக்கும். ஏறக்குறைய மூன்று மாதத்தில் வேரும் புது இலையும் விட்டதும் எடுத்து, 8 முதல் 10 மீட்டர் இடைவெளியில் நடுவார்கள்.

நட்டபின் கவனம் வேண்டியது கன்று கழிப்பில். எல்லாப் பக்கக்கன்றையும் விட்டுவைத்தால் தூர் புதராகி, ஒன்றுமே தடிக்காது. ஒன்றரை இரண்டு ஆண்டுக்கு ஒரு கன்று என்று விட்டு மற்றதை அறுத்தால், முதல் மரம் விழுந்த பிறகு அடுத்தடுத்து வெட்டுக்கு மரம் வந்துகொண்டே இருக்கும், மறுநடவு தேவையில்லை. இலைதழை மக்காமல் பல மீட்டர் படிந்த ஆழ்சதுப்பில் சத்துக் குறைவு, வளர்ச்சி மெதுவு. வண்டல் கலந்த ஈரமண்ணே மேல்.

நம் தென்னைக்கு எமனான சிவப்புக் கூன்வண்டு இதையும் துளைக்கும். சரவாக்கில் அதன் புழுவை வறுத்தே தின்றுவிடுகிறார்கள்.

நம் ஊரில் வெயில் பிரச்சினையில்லை, கோடையில் வறளும் மண்தான் பிரச்சினை. ஆண்டெல்லாம் கசிவு இருக்கும் குளக்கரையும் பரந்த இடமும் இல்லாவிட்டால் ஆசைப்படாதே. எப்போதாவது கன்று கிடைத்தால், முதலில் தாய்மரத்தைப் பார். முள்ளுள்ள வகை, முள்ளில்லா வகை என இரண்டு உண்டு; தாய் எப்படியோ பக்கக்கன்றும் அப்படியே. முள்ளில்லாததைக் கேட்டு வாங்கு.

அன்புடன்,
அண்ணன்