றக்வானைக்குத் திட்டம் எழுதப்போகும் தம்பிக்கு



பிரதேச செயலகத்தில் சேர்ந்த கையோடு, தொழிற்பயிற்சித் திட்டமொன்றை எழுதித் தரும்படி உங்களிடம் கேட்பார்கள். பழைய கோப்பும் கூடவே வரும். தையல், கேக் செய்தல், அழகுக்கலை, கணினி என்ற வரிசை மாறாது; ஆண்டை மட்டும் மாற்றினால் போதும் என்றிருக்கும். அந்தக் கோப்பை மூடிவைத்துவிட்டு, முதலில் தோட்டத்துக்குப் போய் வாருங்கள்.

இந்த வேலைக்கு நாட்டில் நிறுவனங்கள் இல்லாமலில்லை. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தால் உருவான மூன்றாம் நிலை, தொழிற்கல்வி ஆணைக்குழு மாகாணவாரியாகத் திட்டங்கள் தயாரித்து வந்திருக்கிறது. 1995ஆம் ஆண்டுச் சட்டத்தால் தொழிற்பயிற்சி அதிகார சபை வந்தது. பயிலுநர் பயிற்சிக்கு நைட்டா என்ற அதிகார சபை இருக்கிறது. இவர்களுடைய கணக்கில் சபரகமுவ ஒரு மாகாணம், இரத்தினபுரி ஒரு மாவட்டம். றக்வானையோ மாதம்பையிலிருந்து தெனியாய போகும் ஏ17 வீதியில், புலுத்தோட்ட வளைவுகளுக்குக் கீழே இருக்கிற ஊர். ஒருபக்கம் கடைத்தெருவும் மாணிக்க வியாபாரமும், மறுபக்கம் தேயிலைத் தோட்டங்கள். மாவட்டச் சராசரியில் லயத்துப் பிள்ளைகள் காணாமல் போய்விடுவார்கள். ஆகவே உங்கள் அட்டவணை தோட்டத்தின் டிவிசன்வாரியாக இருக்கட்டும்: யார் எந்த வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், யார் கொழும்புக் கடைகளில் நிற்கிறார்கள், யார் திரும்பி வந்தார்கள்.

அடுத்தது நேரம். காலையில் பெரட்டுக்கு வந்து, கொழுந்து நிறுத்து, மாலையில் லயம் திரும்பும் பெண் ஒன்பது மணி வகுப்புக்கு வந்தால், அன்றைக்கு அவருக்குப் பெயர் விழாது, அதாவது நாட்சம்பளம் கிடையாது. 2024 செப்டெம்பரில் நாட்சம்பளம் 1,350 ரூபாய் என்று வர்த்தமானியில் வந்தது. அந்தக் கணக்குப்படி வாரத்தில் மூன்று நாள் வகுப்பு என்றால் 4,050 ரூபாய் போயிருக்கும். பயிற்சி இலவசம் என்று சுவரொட்டி அடித்துவிட்டு, ஆர்வமில்லை என்று அறிக்கை எழுதுவது நியாயமில்லை. உதவித்தொகை, கடைசி பஸ், பிள்ளைமடுவம் மூடும் நேரம் மூன்றையும் செலவுப் பக்கத்திலேயே சேருங்கள்.

எல்லோருக்கும் புதிதாகக் கற்றுக்கொடுக்கத் தேவையுமில்லை. இரத்தினபுரி, கேகாலைப் பக்கத்து றப்பர் மலையொன்றில் பால் வெட்டுகிறவரைக் கிட்ட நின்று பாருங்கள். இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாகச் சரியும் வெட்டில் பட்டையை மெல்லிசாகச் சீவுகிறார். கத்தி ஆழமாக இறங்கி மரத்தைத் தொட்டால் காயம் முடிச்சு முடிச்சாக ஆறும்; புதுப்பட்டை வளர்ந்தாலும் அந்த இடத்தில் ஒழுங்காக வெட்ட முடியாது. ஆழம் குறைந்தாலோ பால் குறையும். இந்த அளவு அவர் கையில் இருக்கிறது, சான்றிதழ்தான் இல்லை. ஸ்டோரில் ரோலரைப் பழுதுபார்க்கிறவர், தோட்ட லொறியின் எஞ்சினைப் பிரித்துப் பூட்டுகிறவர், வயரிங் செய்கிறவர் பலருடைய நிலையும் இதுதான்.

ஏழு படிகள் கொண்ட தேசிய தொழிற் தகைமை முறையில், முன்கற்றலை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுக்கும் வழி இருக்கிறது. மாதக்கணக்கில் வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. இதுவரை செய்த வேலைக்கு ஆதாரம் காட்டி, மதிப்பீட்டாளர் முன் செய்து காட்ட வேண்டும். அப்படிப்பட்டவர்களின் பட்டியலைத் தோட்டந்தோட்டமாக எடுப்பதை உங்கள் முதல் வேலையாக வைத்துக்கொள்ளுங்கள். நாளை கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போகிறவர் கூலியாளாகப் போகிறாரா, மெக்கானிக்காகப் போகிறாரா என்பதை அந்தச் சான்றிதழ் தீர்மானிக்கலாம்.

மதிப்பீடு எந்த மொழியில் நடக்கும் என்று முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். தமிழும் அரசகரும மொழி என்று 1987இலேயே 13ஆம் திருத்தம் சொல்லிவிட்டது. கடைத்தெருவில் சரளமாகச் சிங்களம் பேசுகிறவருக்குச் சிங்கள வினாத்தாளை வாசிக்க வராமல் இருக்கலாம்.

கட்டடம் கேட்டு அவசரப்பட வேண்டாம்; ஏற்கெனவே நிலையங்கள் இருக்கின்றன. போருக்குப் பிந்திய வடக்கின் இளைஞர்களை மனதில் வைத்து, ஜெர்மன் உதவியோடு கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் ஒரு பயிற்சி நிறுவனம் திறக்கப்பட்டது. ஹட்டனில் தொண்டமான் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது. றக்வானைப் பிள்ளைக்கு இரண்டும் வேறு மாகாணம். விடுதி இல்லாமல் போய்ப் படிக்க முடியாது. ஆகவே அங்கே விடுதி இடங்களையும் பயணச் செலவையும் கேளுங்கள். ஊரிலேயே செய்யக்கூடியதும் உண்டு. மாணிக்கக் கல்லின் விலை ஏறுவது வெட்டிப் பட்டை தீட்டும்போது. பட்டறைக்காரர்கள் தோட்டத்துப் பிள்ளைகளைப் பயிலுநர்களாக எடுப்பார்களா என்று நைட்டா அதிகாரியையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்கலாம்.

கடைசியாக, அட்டவணையில் பயிற்சி பெற்றோர் எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இன்னொரு நிரல் போடுங்கள்: ஆறு மாதத்துக்குப் பின் என்ன வேலை, என்ன சம்பளம். முதல் ஆண்டில் அது பாதிக்கு மேல் வெறுமையாகக் கிடக்கலாம். கச்சேரிக் கூட்டத்தில் கேள்வியும் வரும். வரட்டும். அடுத்த ஆண்டு எந்த வகுப்பை நிறுத்துவது, எதற்குப் பணம் கேட்பது என்பதை அந்த நிரலை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.