அரும்பொருளகமும் சாரணர் சின்னமும்

சாரணர் சீருடையில் தைக்கப்பெறும் சின்னம் ஒரு சிறு துணித்துண்டுதான். கடையில் வாங்கினால் சில வெள்ளிக்கு மேல் ஆகாது. அதனாலேயே பெற்றோர் சிலர் அதனைச் சீருடையோடு சேர்ந்த அலங்காரம் என்று எண்ணிவிடுகின்றனர். நம் பள்ளிக் குருளைச் சாரணருள் ஒருவன், ஒரு நாள் மூன்று சின்னங்களை ஒருசேரச் சட்டையில் தைத்துக்கொண்டு வந்தான். பட்டணத்துக்குச் சென்ற தந்தை மகன்மீது கொண்ட அன்பால் வாங்கி வந்தவை அவை. "எந்தத் தேர்வில் தேறினாய்?" என்று கேட்டோம். பையன் விழித்தான். தந்தையின் அன்பையும் புண்படுத்தாமல், பையனின் முகத்தையும் வாடவிடாமல் அவற்றைக் கழற்றச் சொல்வது எத்துணைக் கடினம் என்பதை அன்று உணர்ந்தோம். இக்கட்டுரைக்கு வித்திட்டது அந்நிகழ்ச்சியே.

சின்னம் என்பது ஒரு சான்றிதழ். அதனை அணிந்தவன் ஒன்றைக் கற்றான், செய்து காட்டினான், அதனைத் தலைவர் ஒருவர் நேரிற் கண்டு ஒப்பினார் என்பதே அதன் பொருள். நம் நாட்டில் தொடக்கப்பள்ளிச் சாரணர் படிப்படியாகப் பெறுவன கெரிஸ் காங்சா, கெரிஸ் பேராக், கெரிஸ் ஏமாஸ் என்னும் மூன்று சின்னங்கள். வெண்கலம், வெள்ளி, தங்கம் என்னும் வரிசை அது. இடைநிலைப்பள்ளிக்குச் சென்றதும் ஊசாஹா, மாஜு, ஜெயா என்னும் படிகள் வரும். இவையன்றித் தனித் திறமைகளுக்கும் சின்னங்கள் உண்டு. முடிச்சுப் போடுதல், முதலுதவி, கூடாரம் அடித்தல் ஆகியவற்றை நம் பிள்ளைகள் பள்ளித் திடலிலேயே பழகிவிடுவர். ஆனால், நாட்டின் வரலாற்றையும் மக்களின் கைத்தொழிலையும் எங்கே சென்று கற்பது? அதற்கான இடம் அரும்பொருளகமாகும்.

இந்த உறவு புதியதன்று. 1907 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இங்கிலாந்தின் பிரவுன்சீ தீவில் ஏறத்தாழ இருபது சிறுவர்களைக் கூட்டிப் பேடன் பவல் நடத்திய முகாமே சாரணியத்தின் பிறப்பிடம் என்பதை மாணவர் அறிவர். மறு ஆண்டு அவர் வெளியிட்ட கையேட்டில் கிம் என்னும் சிறுவனின் கதையைச் சொல்கிறார். அது ரட்யார்டு கிப்ளிங் 1901 இல் வெளியிட்ட புதினத்தின் கதை. அப்புதினம் எங்கே தொடங்குகிறது தெரியுமா? லாகூர் நகர அரும்பொருளகத்தின் எதிரே! அங்குள்ள பழைய பீரங்கியின்மேல் கால்களை இருபுறமும் போட்டுக்கொண்டு கிம் அமர்ந்திருக்கிறான். அந்த அரும்பொருளகத்தை ஊர்மக்கள் 'அஜாயிப் கர்', அதாவது வியப்பு வீடு என்று அழைத்தனர். கிப்ளிங்கின் தந்தையார் அதன் காப்பாளராகப் பணியாற்றியவர். எனவே, சாரணியம் ஒரு காலைக் காட்டிலும் மறுகாலை அரும்பொருளகத்தின் வாசற்படியிலும் ஊன்றிக்கொண்டு பிறந்தது என்று நாம் கூறினால் அது மிகையாகாது.

நம் தாய்த்தமிழகத்திலும் அரும்பொருளகத்துக்கு ஒரு செல்லப்பெயர் உண்டு. 1851 இல் தொடங்கப்பெற்ற சென்னை அரசு அருங்காட்சியகத்தைப் பழைய சென்னைவாசிகள் 'செத்த காலேஜ்' என்பர். உயிரற்ற பொருள்கள் நிறைந்திருப்பதால் அப்பெயர். உயிருள்ள விலங்குகளைக் கொண்ட காட்சிச்சாலையோ 'உயிர் காலேஜ்'. வேடிக்கையாக இருப்பினும், இரண்டையுமே கல்லூரி என்று அம்மக்கள் கருதியது நம் கவனத்துக்கு உரியது.

கிம்மின் கதையிலிருந்து பேடன் பவல் ஒரு விளையாட்டையும் எடுத்துக்கொண்டார். ஒரு தட்டில் இருபது முப்பது சிறு பொருள்களை வைத்துத் துணியால் மூடுவர். துணியை ஒரு நிமிடம் நீக்கிக் காட்டிவிட்டு மீண்டும் மூடுவர். பார்த்தவற்றை நினைவிலிருந்து எழுத வேண்டும். நம் குருளையரிடம் இதனை நடத்தியபோது பெரும்பாலோர் பத்துப் பொருள்களைத் தாண்டவில்லை. பொத்தான், ஆணி, கத்தரிக்கோல் என்று பெயரை எழுதினார்களேயன்றி, பொத்தானுக்கு இரண்டு துளையா நான்கு துளையா என்று கேட்டபோது எவரும் வாய்திறக்கவில்லை. பார்ப்பது வேறு, கூர்ந்து நோக்குவது வேறு. அரும்பொருளகத்தில் கண்ணாடிப் பெட்டிகளுக்கு முன்னால் வரிசையாக நடந்து, வெளியே வந்து ரொட்டியும் தேநீரும் அருந்திவிட்டுப் பேருந்தில் ஏறும் பயணங்களை நாம் மிகுதியாகக் கண்டிருக்கிறோம். அவ்வாறு சென்றுவந்தோர்க்குச் சின்னம் வழங்குவது தகாது என்பது நம் கருத்து. ஒரே ஒரு பெட்டியின் முன் அரைமணி நேரம் நின்று, ஒரே ஒரு பொருளை வரைந்து வருகிறவனே அதற்கு உரியவன்.

அமெரிக்க நாட்டில் இம்முறை நன்கு வளர்ந்துள்ளது. அங்குச் சாரணர்க்குரிய திறமைச் சின்னங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை. கழுகுச் சாரணர் என்னும் உயர்நிலையை அடைய 21 சின்னங்களாவது வேண்டும். ஆங்காங்குள்ள அரும்பொருளகங்கள் சாரணர்க்கெனத் தனி நாள்களை ஒதுக்கிப் பாடம் நடத்துகின்றன. நியூ ஜெர்சி என்னும் பழைய போர்க்கப்பல் இன்று கேம்டன் நகரில் அரும்பொருளகமாக நிற்கிறது. அங்கே சிறுவர்கள் மாலுமிகள் உறங்கிய படுக்கைகளிலேயே ஓரிரவு உறங்கிக் கற்கின்றனர். ஆயினும், சென்றதனால் மட்டும் சின்னம் கிட்டிவிடாது. அதற்கென அமர்த்தப்பெற்ற வழிகாட்டி ஒவ்வொரு பையனையும் வினவி, அவன் உண்மையிலேயே கற்றிருந்தால்தான் கையொப்பமிடுவார்.

அந்நாட்டில் 1997 இல் தொல்பொருளியலுக்கென ஒரு சின்னம் ஏற்பட்டது. அதற்குரிய பணிகளுள் ஒன்றைப் படித்தபோது நாம் வியந்தோம். உன் வீட்டில் ஒரு வாரம் வெளியே எறியப்படும் குப்பைகளைப் பட்டியலிடு. பிற்காலத்து ஆய்வாளர் அவற்றைத் தோண்டியெடுத்தால் உன் குடும்பத்தைப்பற்றி என்ன அறிந்துகொள்வர்? இதுவே வினா. குப்பையா பாடம் என்று பெற்றோர் முகஞ்சுளிக்க வேண்டா. உலகெங்கும் தொல்பொருள் ஆய்வாளர் பெரிதும் தோண்டியெடுப்பவை, முன்னோர் உடைத்து எறிந்த சட்டிபானைகளே.

இதற்குச் சான்று தேடிக் கடல்கடந்து செல்ல வேண்டுவதில்லை. நம் ஜொகூர் மாநிலத்திலேயே, கோத்தா திங்கி மாவட்டத்தில் ஜொகூர் ஆற்றங்கரையில் ஜொகூர் லாமா என்னும் சிற்றூர் இருக்கிறது. இன்று அமைதியான கம்பம். பதினாறாம் நூற்றாண்டிலோ அது ஜொகூர் சுல்தான்களின் தலைநகர். 1511 இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் இழந்த அரச குலத்தார் இவ்வாற்றங்கரையில் புதிய ஆட்சியை நிறுவினர். ஆற்றை நோக்கிய மேட்டில் மண்ணாலும் மரத்தாலும் அரண் அமைத்தனர். 1587 இல் போர்த்துகீசியர் கப்பற்படையோடு வந்து அந்நகரைத் தாக்கி எரித்து அழித்தனர். ஏறத்தாழ 360 ஆண்டுகள் கழித்து, 1940களின் இறுதியிலும் 1950களிலும் ஆய்வாளர் அங்கே மண்ணை அகழ்ந்தபோது கிடைத்தவற்றுள் குறிப்பிடத்தக்கவை சீனப் பீங்கான் ஓடுகள். அரண்மனை எரிந்தது, மரம் மட்கியது, உடைந்த பீங்கான் மட்டும் நிலைத்தது. ஓட்டின் நீலக் கோலத்தையும் மண்ணின் தன்மையையும் கொண்டு அது எக்காலத்தது, எங்கே செய்யப்பட்டது என்று அறிஞர் கணிக்கின்றனர். சீன நாட்டுப் பீங்கான் இவ்வாற்றங்கரைக்கு வந்தது என்றால் வாணிபம் நடந்தது என்று பொருள். இவ்வாறு ஓர் ஓட்டிலிருந்து ஒரு துறைமுகத்தை எழுப்பிக் காட்டும் கலையை ஜொகூர் லாமாவிலுள்ள அரண்மேட்டிலும் அரும்பொருளகத்திலும் நம் குருளையர் கற்கலாம்.

அதே ஆற்றின் மேற்பகுதியைப்பற்றி வேறொரு கதையும் உண்டு. சோழ மன்னன் ஒருவன் படையெடுத்து வந்து கெலாங்கி என்னும் கற்கோட்டையை வென்றதாகச் செஜாரா மெலாயு என்னும் பழைய மலாய் நூல் கூறுகிறது. ஜொகூர்க் காட்டில் அந்நகரம் புதைந்து கிடக்கலாம் என்று 2005 இல் செய்தி பரவியபோது நம்மவர் எவ்வளவு பூரித்தனர்! ஆனால், பின்னர் அரசுத் துறையினர் நடத்திய தேடலில் அத்தகைய நகரம் இருந்ததற்குச் சான்று கிட்டவில்லை. மாணவர் இதைக் கேட்டு வருந்துகின்றனர். வருந்துவது இயல்பே. எனினும், சான்றில்லாத பெருமையை மார்பிலே குத்திக்கொள்வதும், தேறாத தேர்வுக்குரிய சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொள்வதும் ஒன்றுதான் என்று அவர்களிடம் கூறினோம். முதலாம் இராசேந்திரன் 1025 ஆம் ஆண்டளவில் கடாரத்தின்மேல் படை செலுத்தியதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலில் கல்வெட்டே இருக்கிறது. அதனைப் பெருமையோடு சொல்வோம். கெலாங்கியைக் கதை என்றே சொல்வோம், சான்று கிடைக்கும் நாள் வரையில்.

இனி, நம் தோட்டத்துக்கு வருவோம். அரும்பொருளகம் எவ்வாறு இயங்குகிறது என்பதைப் பிள்ளைகள் தாமே செய்து பார்க்க வேண்டும் என்று கருதி, வீட்டிலுள்ள பழம்பொருள் ஒன்றை ஒவ்வொருவரும் கொண்டுவருமாறு கூறினோம். அரும்பொருளகத்தில் ஒரு பொருள் நுழைந்தவுடன் அதற்கு ஓர் எண் கொடுப்பர். பெயர், செய்யப்பட்ட பொருள், அளவு, யார் கொடுத்தது, எங்கே எப்போது பயன்பட்டது, இப்போது எந்நிலையில் உள்ளது என்பவற்றைப் பதிவேட்டில் எழுதுவர். இக்குறிப்பு தொலைந்தால் பொருள் இருந்தும் பயனில்லை. அது வெறும் இரும்பு, வெறும் ஓடு.

மறுநாள் ஆசிரியர் அறை மேசையில் அம்மிக் குழவியும் அரிக்கேன் விளக்கும் பித்தளைத் தூக்கும் வந்து சேர்ந்தன. கழற்றிய சின்னங்களுக்கு உரிய அந்தப் பையன் கொண்டுவந்தது துருவேறிய பால்வெட்டுக் கத்தி ஒன்றும் விளிம்பு உடைந்த மங்கு ஒன்றும். அவனோடு அவன் பாட்டியாரும் வந்திருந்தார். "என்னங்க வாத்தியாரே, துருப்பிடிச்ச கத்தியப் போயி கண்ணாடிப் பெட்டியில வெப்பாங்களா? புள்ள ராத்திரியெல்லாம் என்னத் தூங்கவிடல," என்றார். உட்காரச் சொல்லி, அதனைப் பிடித்துக் காட்டுமாறு வேண்டினோம்.

அவர் பள்ளி வாசலில் நின்ற மாமரத்தின் அருகே சென்று, பட்டையைத் தொடாமல் காற்றிலேயே வெட்டிக் காட்டினார். இடப்பக்கம் மேலே தொடங்கி வலப்பக்கம் கீழே இறங்கும் சாய்வு. "ஏன் அப்படி?" என்றான் ஒருவன். "அப்படித்தான் பால் வரும்," என்றார் பாட்டியார். அவர் சொன்னது முற்றிலும் சரி. பால்மரத்துப் பட்டைக்குள் பால் ஓடும் நுண்குழாய்கள் நேர்நிமிர்ந்து செல்வதில்லை. சற்றே வலப்புறம் சாய்ந்து மேலேறுகின்றன. ஆகவே, இடமிருந்து வலமாகத் தாழ்ந்து வெட்டினால் மிகுதியான குழாய்கள் அறுபடும். விடியற்காலையில் மரத்தினுள் நீர் அழுத்தம் மிகுந்திருப்பதால் பால் நன்கு வடியும். வெயில் ஏற ஏறக் குறையும். நம் பாட்டன் பாட்டியர் இருள் பிரியுமுன் பெரட்டுக்குச் சென்று, பனியில் நனைந்துகொண்டு நிரைக்கு நடந்ததன் காரணம் அதுவே. மரத்தைக் கொல்லாமல் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுக்கும் முறையை வகுத்தவர், 1888 இல் சிங்கப்பூர்ப் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி என்பதைப் பாடநூல்கள் கூறும். அந்த முறையை நாள்தோறும் நூற்றுக்கணக்கான மரங்களில் கையால் நிறைவேற்றியவர்களின் பெயர்களை அவை கூறுவதில்லை. வெட்டு ஆழமானால் மரத்துக்குக் காயம். மேலோட்டமானால் பால் இல்லை. இடைப்பட்ட அந்த நூலிழை அளவு பாட்டியாரின் மணிக்கட்டில் இருந்தது.

நம் தோட்டத்தில் பால்மரங்கள் இன்று இல்லை, செம்பனை வந்துவிட்டது. பழைய லயங்களில் பாதி இடிக்கப்பட்டுவிட்டன. குடிபெயரும் குடும்பங்கள் காண்டாக் கம்பையும் பால்வாளியையும் பழைய இரும்பு வாங்குவோரிடம் எடைக்குப் போட்டுச் செல்வதை நாம் கண்ணாரக் காண்கிறோம். அவர்களைக் குறைகூற மாட்டோம்; அடுக்குமாடி வீட்டில் அவற்றை எங்கே வைப்பது? போடுமுன் ஒரு நாள் பள்ளிக்குக் கொண்டுவந்தால், பிள்ளைகள் அளந்து வரைந்து குறிப்பெடுத்துக்கொள்வர் என்பதே பெற்றோர்க்கு நம் வேண்டுகோள்.

இதுவரை 31 பொருள்களுக்கு அட்டை எழுதியிருக்கிறோம். கத்தியின் எண் 7. மங்கின் எண் 8. அந்தப் பையன் எழுதிய ஏழாம் அட்டையை மட்டும் மூன்று முறை திருப்பிக் கொடுத்தோம். முதன்முறை 'பழைய கத்தி' என்று மட்டும் எழுதியிருந்தான். மூன்றாம் முறை கத்தியின் நீளத்தையும், பிடியில் சுற்றிய துணி எதற்கு என்பதையும், பாட்டியார் எந்த வயதில் அதனைக் கையில் எடுத்தார் என்பதையும் எழுதி வந்தான். கெரிஸ் காங்சாத் தேர்வுக்கு அவன் பெயரைக் கொடுத்திருக்கிறோம். எட்டாம் அட்டையில் 'பயன்பட்ட இடம்' என்னும் கட்டம் இன்னும் காலியாக இருக்கிறது. தம் நிரை எங்கே தொடங்கியது என்பது செம்பனைக்கிடையே நடந்து பார்த்தால்தான் நினைவுக்கு வரும் என்கிறார் பாட்டியார். பள்ளி விடுமுறையின் முதற் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குருளையர் அவரோடு புறப்படுகின்றனர். வர விரும்பும் பெற்றோர் காலணி அணிந்து வருக, அட்டை கடிக்கும்.