பிளஸ் டூ ஆண்டும் நம் கடையும்
(பெற்றோர்களான வணிகர்களுக்கு ஒரு பாடம்)



சென்ற மாதம் நம் மண்டிக்குத் துவரம்பருப்பு எடுக்க வந்த மளிகைக்கடைக்காரர் ஒருவர், பில் போட்டு முடிந்த பிறகும் போகாமல் நின்றார். "அண்ணாச்சி, பையன் பிளஸ் டூ வந்துட்டான். நான் படிச்சது எட்டாங்கிளாஸ். அவன் புஸ்தகத்தைப் புரட்டிப் பார்த்தா ஒண்ணும் விளங்கலை. நான் என்னதான் செய்யணும்?" என்று கேட்டார்.

இது அவர் ஒருவருடைய கேள்வி அல்ல. காலை ஆறு மணிக்குக் கடை திறந்து இரவு பத்து மணிக்குப் பூட்டும் நம்மில் பலருடைய கேள்வி. நாமும் பெரிய படிப்புப் படிக்கவில்லை. பழைய பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி.யோடு கடைக்கு வந்துவிட்டோம். 1978-ல் தமிழ்நாட்டில் பிளஸ் டூ முறை வந்தபோது நாம் கோணி மூட்டை எண்ணிக்கொண்டிருந்தோம். ஆனால் மூன்று பிள்ளைகளை அந்த ஆண்டைக் கடக்க வைத்த அனுபவம் உண்டு. முதல் பிள்ளையிடம் தவறு செய்தோம். அதன் பிறகுதான் பாடம் கற்றோம். அந்தப் பாடத்தையே இங்கே எழுதுகிறோம்.

நாம் செய்த தவறு

எங்கள் மூத்த மகன் பத்தாம் வகுப்பு முடித்ததும் வணிகவியல் பிரிவு வேண்டும் என்றான். நாம் கேட்கவில்லை. எதிர்வரிசைக் கடைக்காரர் மகன் இன்ஜினீயரிங் சேர்ந்திருந்தான். நம் பிள்ளை குறைந்தவனா என்ற எண்ணம். 2006-ல் ஒரு பள்ளியில் நன்கொடை கொடுத்து அறிவியல் பிரிவில் சேர்த்தோம். பில் இல்லாமல் ஒரு மூட்டை சரக்கு எடுக்காத நாம், ரசீது இல்லாமல் அந்தப் பணத்தைக் கட்டினோம்.

பள்ளி விட்டு வந்ததும் மாலை ஆறு மணி முதல் ஒன்பது மணி வரை அவன் கல்லாவில் உட்கார வேண்டும். அதுதான் வியாபாரம் நடக்கும் நேரம், ஆள் போதாது. ஒன்பதரை மணிக்குச் சாப்பிட்டுவிட்டுப் புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். தூங்கினால் திட்டுவோம்.

2008 மே மாதம் தேர்வு முடிவு வந்தது. கணக்கில் 200-க்கு 57. அப்போது தேர்ச்சிக்கு 70 வேண்டும். பையன் வீட்டுக்கு வரவில்லை. கடை ஆட்களை நாலு பக்கமும் அனுப்பினோம். பஸ் ஸ்டாண்டு, ரயிலடி, குளக்கரை என்று தேடினார்கள். நாம் கல்லாவைத் திறந்தபடியே போட்டுவிட்டு ஓடினோம். இரவு பதினோரு மணிக்கு நம் குடோனிலேயே, பருப்பு மூட்டைகளுக்குப் பின்னால், அவன் சுருண்டு படுத்திருப்பதை வாட்ச்மேன் பார்த்துச் சொன்னார்.

அவன் கேட்டது ஒரே கேள்விதான். "அப்பா, கட்டின பணத்தை எப்படித் திருப்பித் தருவேன்?"

அந்தக் கேள்வியை இன்று வரை நம்மால் மறக்க முடியவில்லை. நாம் அவனிடம் மகனாகப் பேசியதைவிடக் கடன்காரனாகப் பேசியதுதான் அதிகம் என்பது அப்போதுதான் புரிந்தது. அடுத்து நடந்த சிறப்புத் துணைத்தேர்வை எழுதித் தேறினான். அந்த ஆண்டே பி.காம். சேர்ந்தான். 2017-ல் ஜி.எஸ்.டி. வந்தபோது நம் கடைக் கணக்கைத் தடுமாறாமல் கொண்டுபோனது அவன்தான். இது நல்லபடியாக முடிந்த கதை. எல்லா வீட்டிலும் அப்படி முடிவதில்லை என்பதை நாம் அனைவரும் அறிவோம்.

ஆண்டுக் கணக்கு தெரிந்திருக்க வேண்டும்

பாடம் புரியாவிட்டாலும் பரவாயில்லை. காலம் புரிய வேண்டும். ஜூன் மாதம் பள்ளி திறக்கிறது. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டு, ஜனவரி, பிப்ரவரியில் திருப்புதல் தேர்வுகள். பிப்ரவரியில் செய்முறைத் தேர்வு. மார்ச்சில் பொதுத்தேர்வு.

இதை நம் வியாபாரக் காலத்தோடு வைத்துப் பாருங்கள். காலாண்டு முடிந்ததும் ஆயுதபூஜை, தீபாவளி வியாபாரம். அரையாண்டு முடிந்ததும் பொங்கல் வியாபாரம். பிப்ரவரி, மார்ச்சில் புது மிளகாய், மல்லி, மஞ்சள், புளி வரத்து. நாம் கொள்முதலுக்கு அலைகிற நேரம். மார்ச் 31-ல் ஆண்டுக் கணக்கு முடிப்பு. பிள்ளைக்கு நாம் அதிகம் தேவைப்படும் நாட்களில்தான் நாம் வீட்டில் குறைவாக இருக்கிறோம். ஆகவே பிள்ளை பிளஸ் டூ படிக்கும் ஆண்டில், கொள்முதல் பயணத்துக்கும் கணக்கு முடிப்புக்கும் ஜனவரியிலேயே மாற்று ஆள் ஏற்பாடு செய்துகொள்வது அவசியம்.

மதிப்பெண் கணக்கு

நம் காலத்து 1200 மதிப்பெண் முறை இப்போது இல்லை. 2018-19 கல்வியாண்டு முதல் ஆறு பாடங்களுக்கு, பாடத்துக்கு 100 வீதம், மொத்தம் 600. செய்முறை உள்ள பாடங்களில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. செய்முறை இல்லாத பாடங்களில் எழுத்துத் தேர்வு 90, அகமதிப்பீடு 10. தேர்ச்சிக்கு 35 வேண்டும்.

இதில் நாம் கவனிக்க வேண்டியது அந்த அகமதிப்பீடு 10. வருகைப்பதிவும், பள்ளியில் நடக்கும் சிறு தேர்வுகளும் இதில் சேரும். "இன்று ஒருநாள் லோடு வருகிறது, பள்ளிக்கு மட்டம் போடு" என்று சொல்லும்போது நாம் நம் கையாலேயே பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைக்கிறோம்.

இன்ஜினீயரிங் சேர்க்கைக்குக் கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என 200-க்குக் கட்-ஆஃப் கணக்கிடுகிறார்கள். இதற்கு மாநில நுழைவுத் தேர்வு 2007 முதல் இல்லை. மருத்துவத்துக்கு 2017 முதல் நீட் தேர்வு எழுதியாக வேண்டும். எந்தப் படிப்புக்கு எந்தப் பாடம் எடை அதிகம் என்பதைப் பிள்ளையோடு உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

கடையும் வீடும்

படிக்காத தகப்பனும் செய்யக்கூடியவை இவை.

ஒன்று: ஜூன் முதல் மார்ச் வரை மாலை நேரக் கல்லா வேலையிலிருந்து பிள்ளைக்கு முழு விடுதலை கொடுங்கள். விடுமுறை நாளில் ஒரு மணி நேரம் கடைக்கு வந்தால் தவறில்லை; மனதுக்கு மாற்றமாகக்கூட இருக்கும். ஆனால் அது அவர்கள் விருப்பமாக இருக்கட்டும். மாலை நேரத்துக்கு ஓர் ஆள் போட்டால் சம்பளம் கூடும்தான். நாம் கட்டிய நன்கொடையை நினைத்தால் அது சிறு தொகை.

இரண்டு: கடைக்கு மேலேயே வீடு இருப்பவர்கள் படிக்கும் இடத்தைப் பின்பக்கம் மாற்றுங்கள். லாரி சத்தமும் டி.வி. சத்தமும் இல்லாத ஒரு மூலை போதும். இடமே இல்லையென்றால், இரவு கடை பூட்டிய பிறகு நடக்கும் கணக்குப் பேச்சையும் பாக்கிச் சண்டையையும் கடையோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மூன்று: தினமும் பத்து நிமிடம் பிள்ளை அருகில் உட்காருங்கள். "எவ்வளவு மார்க்?" என்று கேட்க வேண்டாம். "இன்று என்ன பாடம் நடந்தது, எனக்குச் சொல்லு" என்று கேளுங்கள். நமக்குச் சொல்லிக் கொடுக்கும்போது அவர்களுக்கே பாடம் தெளிவாகும். கணக்குப் பதிவியல் படிக்கும் பிள்ளையிடம் நம் பேரேட்டைக் காட்டுங்கள். பற்று, வரவு, ஐந்தொகை எல்லாம் நம் கடையிலேயே இருக்கின்றன. நம் இரண்டாவது மகளுக்கு இருப்புநிலைக் குறிப்பு புரிந்தது நம் கடைக் கணக்கை வைத்துத்தான்.

நான்கு: மாதம் ஒருமுறை வகுப்பாசிரியரைப் பாருங்கள். பள்ளிக்கு ஞாயிறு விடுமுறை. நமக்கும் அன்றுதான் ஓய்வு என்று சொல்லித் தப்பிக்க வேண்டாம். மத்தியானம் வியாபாரம் மந்தமாக இருக்கும் நேரத்தில் முன்கூட்டிச் சொல்லிவிட்டுப் போகலாம். குறை கேட்கப் போவதாக நினைக்காமல், எந்தப் பாடத்தில் பிள்ளை பின்தங்குகிறது என்று தெரிந்துகொள்ளப் போங்கள்.

ஐந்து: தூக்கத்தைப் பிடுங்காதீர்கள். இரவு பன்னிரண்டு வரை விழிக்க வைத்து, காலை நாலு மணிக்கு எழுப்புவதில் பயனில்லை. செல்போனைப் பொறுத்தவரை, இரவு குறிப்பிட்ட நேரத்துக்கு மேல் வீட்டில் எல்லோருடைய போனும் ஒரே இடத்தில் இருக்கட்டும். நாம் ஆர்டர் மெசேஜ் பார்த்துக்கொண்டே பிள்ளையைப் பார்க்காதே என்றால் யார் கேட்பார்கள்?

ஆறு: பக்கத்துக் கடைக்காரர் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். ரேங்க் பட்டியல் வெளியிடுவதை அரசே 2017-ல் நிறுத்திவிட்டது. நாம் ஏன் வீட்டில் தொடர வேண்டும்?

தேர்வு நாட்களில்

காலை 10 மணிக்கு வினாத்தாள் தருகிறார்கள். படித்துப் பார்க்கப் பத்து நிமிடம், விவரம் சரிபார்க்க ஐந்து நிமிடம், 10.15 முதல் 1.15 வரை தேர்வு. ஒன்பதரைக்கே பள்ளியில் இருக்க வேண்டும். சரக்கு வண்டியில் "வழியில் இறக்கிவிடுகிறேன்" என்று ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். வழியில் ஒரு கடையில் இறக்கும் நேரம் பிள்ளைக்கு நெஞ்சு படபடக்கும். ஒரு தேர்வு முடிந்து வந்தால் வினாத்தாளை வைத்துக்கொண்டு விசாரணை நடத்த வேண்டாம். சாப்பாடு போட்டுத் தூங்க விடுங்கள். அடுத்த பாடம் காத்திருக்கிறது.

அடுத்து என்ன?

வணிகர் வீட்டுப் பிள்ளைக்கு இன்ஜினீயரிங், டாக்டர் இரண்டு மட்டுமே வழி அல்ல. பி.காம். உண்டு. பிளஸ் டூ முடித்தவர்கள் சி.ஏ. பவுண்டேஷன் தேர்வு எழுதலாம். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதத் திறன், பொருளியல் என நான்கு தாள்கள். காஸ்ட் அக்கவுண்டன்ட், கம்பெனி செக்ரட்டரி படிப்புகளும் உள்ளன. அறிவியல் படித்தவர்களுக்கு உணவுத் தொழில்நுட்பம் நம் தொழிலுக்கு மிக நெருங்கியது. தஞ்சாவூரில் நெல் பதன்செய் ஆராய்ச்சிக்காகத் தொடங்கிய நிலையம் இன்று இதற்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமாக உள்ளது. பிளஸ் டூ தேறியவர்கள் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரவும் வழி உண்டு.

கடைக்கே வருகிறேன் என்று பிள்ளை சொன்னால் அதுவும் நல்லதே. படித்துவிட்டு வரட்டும்.

பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை. "பிளஸ் டூ போதும், வரன் பார்க்கலாம்" என்ற பேச்சு நம் சமூகத்தில் இன்னும் முழுதாகப் போகவில்லை. பிளஸ் டூ எழுதும் பெண்ணுக்குப் பெரும்பாலும் 18 வயது நிறைந்திருக்காது. அதற்கு முன் திருமணம் சட்டப்படியே குற்றம். தேர்வுக்குப் படிக்கும் பெண்ணின் காதில் ஜாதகப் பேச்சு விழுந்தால், அவள் எந்த நம்பிக்கையில் புத்தகத்தைத் திறப்பாள்?

சேர்க்கைக்கான காகிதங்களை மே மாதம் தேடாதீர்கள். சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதல் பட்டதாரியாக இருந்தால் அதற்கான சான்று ஆகியவற்றை இ-சேவை மையம் வழியாக முன்பே வாங்கி வையுங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மருத்துவத்தில் 2020 முதலும், இன்ஜினீயரிங் முதலிய தொழிற்படிப்புகளில் 2021 முதலும் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்துள்ளது என்பதையும் மறக்க வேண்டாம். பணம் எங்கே கட்டினாலும் ரசீது வாங்குங்கள்.

முடிவு வரும் நாள்

மே 5 வணிகர் தினம். 2023-ல் மே 8, 2024-ல் மே 6, 2025-ல் மே 8 என்று அதை ஒட்டியேதான் பிளஸ் டூ முடிவுகளும் வந்திருக்கின்றன. மாநாட்டுக்குப் போய்வந்த களைப்பிலும், நின்றுபோன வியாபாரத்தைப் பிடிக்கும் அவசரத்திலும் அந்த நாளைத் தவறவிடாதீர்கள். முடிவு வரும் காலையில் கல்லாவில் வேறு யாராவது உட்காரட்டும். நீங்கள் வீட்டில், பிள்ளைக்குப் பக்கத்தில் இருங்கள்.

மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைந்திருந்தால் விடைத்தாள் நகல் கேட்கலாம். மறுகூட்டல், மறுமதிப்பீடு உண்டு. அதற்கான கடைசித் தேதியை அன்றே குறித்துக்கொள்ளுங்கள். தேறாவிட்டால் ஜூன், ஜூலையிலேயே துணைத்தேர்வு வருகிறது. அதில் தேறினால் அந்த ஆண்டே கல்லூரி சேரலாம். பிள்ளை பேசாமல் ஒடுங்கினாலோ, தேர்வுக்கு முன்பே சாப்பாடு தூக்கம் குறைந்தாலோ, தயங்காமல் 14417 கல்வி உதவி எண்ணுக்கோ, 104-க்கோ, மனநல உதவிக்கான 14416-க்கோ போன் செய்யுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. பிள்ளை எந்தப் பிரிவில் படிக்கிறது, அது யார் விருப்பம்?
2. இந்த மாதம் வகுப்பாசிரியரைப் பார்த்தோமா?
3. நேற்று பிள்ளையோடு மதிப்பெண் தவிர வேறு என்ன பேசினோம்?
4. மார்ச் மாதம் நமக்குப் பதில் கடையைப் பார்ப்பவர் யார்?
5. தோற்றாலும் வீட்டுக்கு வரலாம் என்று பிள்ளைக்கு வாய்விட்டுச் சொல்லியிருக்கிறோமா?

ஐந்தாவது கேள்விக்கு இன்றிரவே பதில் தேடுங்கள். 2008-ல் நாம் அதைச் சொல்லியிருந்தால், எங்கள் மகன் குடோனுக்குப் போகாமல் வீட்டுக்கு வந்திருப்பான்.

பருப்பு எடுக்க வந்த அந்தக் கடைக்காரரிடமும் இதையே சொன்னோம். மறுவாரம் வந்தபோது, மாலை நேரத்துக்குக் கடைக்கு ஓர் ஆள் போட்டுவிட்டதாகச் சொன்னார்.